பிள்ளை பார்க்க ஆள் தேவை: சட்டத்தின் கண்ணுக்குப் படாத ஒரு வேலை

சாவகச்சேரி ஆதார வைத்தியசாலையிலும், கண்டி வீதியோரத்து வங்கிகளிலும், தென்மராட்சியின் பாடசாலைகளிலும் பணியாற்றும் இளந்தாய்மாரை வாட்டும் வினா ஒன்றுண்டு. பிரசவ விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் நாளில் கைக்குழந்தையை யாரிடம் ஒப்படைப்பது என்பதே அது. ஒரு தலைமுறைக்கு முன்னர் இவ்வினா எழுந்த வீடுகள் அரிது. இன்றோ, பிள்ளை பார்க்க ஆள் கிடைக்குமா என்று அயலிலும் கோவில் வீதியிலும் சந்தையிலும் விசாரிப்பது வழமையாகிவிட்டது. இதனைக் குடும்பங்களின் சொந்த விவகாரமென ஒதுக்கிவிட முடியாது. பேசத் தெரியாத ஒரு சிசுவின் உயிரும், நான்கு சுவர்களுக்குள் சட்டப் பாதுகாப்பின்றி உழைக்கும் ஒரு பெண்ணின் வாழ்வும் ஒரே வேலையில் பிணைக்கப்பட்டிருக்கும்போது அது பொது விவகாரமாகிவிடுகிறது.

யாழ்ப்பாணச் சமூகத்தில் தலைப்பிள்ளைப் பேறு தாய்வீட்டின் பொறுப்பாக இருந்து வந்தது. முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிந்த பின்னரும் தாயும் பிள்ளையும் மாதக்கணக்கில் அங்கேயே தங்கியிருப்பர். அம்மம்மா குளிப்பாட்டுவார், சித்தி ஏணையை ஆட்டுவார், அயல்வீட்டு ஆச்சி கைவைத்தியம் சொல்லுவார். சம்பளம் என்ற பேச்சுக்கே அங்கு இடமிருக்கவில்லை. அந்த ஏற்பாடு தானாகக் குலைந்து போகவில்லை. 1995 ஒக்டோபர் 30 ஆந் திகதி வலிகாமம் ஓரிரவில் இடம்பெயர்ந்து வந்தபோது அந்த மக்கள் வெள்ளத்தைத் தாங்கி நின்றது தென்மராட்சியே. அதே தென்மராட்சி 2000 ஆம் ஆண்டு மே மாதத்தில் தானும் இடம்பெயர்ந்தது. சாவகச்சேரி நகரம் இடிபாடாயிற்று. 2002 ஆம் ஆண்டு யுத்தநிறுத்தத்தின் பின்னர் கூரையற்ற வீடுகளுக்குத் திரும்பியோர் பலர். திரும்பாமலே விட்டோரும் பலர். ஒரே வளவுக்குள் மூன்று வீடுகளில் வாழ்ந்திருக்க வேண்டிய சகோதரிகள் ஒருவர் கொழும்பிலும், ஒருவர் பாரிசிலும், ஒருவர் நுணாவிலிலுமாகச் சிதறினர்.

ஊரில் எஞ்சியிருந்த அம்மம்மாமாரையும் கடல்கடந்த பேரப்பிள்ளைகள் அழைத்துக்கொண்டனர். கனடா 2011 டிசெம்பரில் பெற்றோருக்கும் பாட்டன் பாட்டிமாருக்குமென ‘சுப்பர் விசா’வை அறிமுகப்படுத்தியபோது ஒருவர் ஒரு தடவையில் இரண்டு ஆண்டுகள் வரை தங்க முடிந்தது. 2022 ஜூலையில் அது ஐந்து ஆண்டுகளாக நீடிக்கப்பட்டது. ஐந்து ஆண்டுகள் என்பது, சற்று யோசித்தால், ஒரு குழந்தை பிறந்து பாடசாலை வாசலை மிதிக்கும் வரையிலான காலமாகும். ஸ்காபரோவில் இருக்கும் மகளுக்குப் பிள்ளைப் பராமரிப்புக் கட்டணம் மிச்சம். தாயும் அருகில் இருக்கிறார். இதில் குறை காண எவருக்கும் உரிமையில்லை. ஆயினும் மட்டுவிலிலோ மீசாலையிலோ இருக்கும் மற்ற மகளுக்கு நேர்வது வேறு. வெளிநாட்டு மகளுக்கு அம்மா போய்ச் சேர்ந்துவிட, உள்ளூர் மகளுக்கு ஆள் பிடிப்பதற்கான பணம் வந்து சேர்கிறது. புலம்பெயர்வின் வரவு செலவுக் கணக்கை எழுதுவோர் இந்தப் பதிவை மறந்துவிடுவதுண்டு.

இந்த நெருக்கடி கூர்மையடைவது பிள்ளைக்கு நான்கு மாதம் ஆகும்போதாகும். அரச சேவையிலுள்ள தாய்க்கு முழுச் சம்பளத்துடன் 84 வேலை நாட்கள் விடுமுறை உண்டு. வார இறுதியும் பொது விடுமுறைகளும் நீங்கலாகக் கணக்கிடுவதால் அது ஏறத்தாழ நான்கு மாதங்களாகும். அதன்பின் அரைச் சம்பளத்துடன் 84 நாட்களும் சம்பளமின்றி 84 நாட்களும் பெறலாம் என விதி கூறுகிறது. யுத்தத்தில் இடிந்த வீட்டைக் கடனெடுத்துக் கட்டிய குடும்பத்தில் அரைச் சம்பளம் என்பது ஏட்டில் மட்டும் இருக்கும் சலுகையாகும். தனியார் துறையில் 84 நாட்களுடன் முழுச் சலுகையும் முடிந்துவிடுகிறது. முன்னர் மூன்றாவது பிள்ளைக்கு 42 நாட்களே வழங்கப்பட்டன; 2018 ஆம் ஆண்டுத் திருத்தம் அந்தப் பாரபட்சத்தை நீக்கியது. மறுபுறத்தில் சுகாதாரத் துறையோ ஆறு மாதம் முடியும் வரை தாய்ப்பால் மட்டும் கொடுங்கள் என்கிறது. ஓர் அரச திணைக்களம் ஆறு மாதம் என்கையில் இன்னொரு திணைக்களத்தின் நாட்காட்டி நான்காம் மாதத்திலேயே தாயை மேசைக்கு அழைக்கிறது. கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் நாளாந்தம் பஸ் ஏறும் ஆசிரியையின் நிலை இதனினும் கடினமானது. விடியற்காலை புறப்பட்டுப் பிற்பகலில் திரும்பும் அவர் ஒன்பது, பத்து மணித்தியாலங்கள் பிள்ளையைப் பிரிந்திருக்க நேர்கிறது.

இந்த மணித்தியாலங்களை நிரப்ப வருபவர் யார்? பெரும்பாலும் யுத்தத்தில் கணவனை இழந்த அல்லது கணவனால் கைவிடப்பட்ட பெண். நுண்கடன் தவணையைக் கட்ட வழி தேடுபவர். தன் பிள்ளைகளைத் தாயிடமோ அயலிடமோ விட்டுவிட்டு இன்னொருவரின் பிள்ளையைப் பார்க்க வருபவர். பெண் தலைமைத்துவக் குடும்பங்கள் பெருகியிருக்கும் வடக்கில் இத்தகையோருக்குக் குறைவில்லை. ஆனால் தேவைப்படுவோரும் தேவையுடையோரும் ஒருவரையொருவர் கண்டுகொள்ள முறையான வழி எதுவுமில்லை. தெரிந்தவர் மூலம் தெரிந்தவர் என்ற சங்கிலியும், பத்திரிகைகளின் சிறு விளம்பரப் பகுதியுமே வழி. அவ்விளம்பரங்களின் மொழி கவனிக்கத் தக்கது. தங்கியிருந்து வேலை செய்ய வேண்டும், சமையலும் தெரிய வேண்டும், குடும்பப் பொறுப்பு இருக்கக் கூடாது என்றெல்லாம் கேட்கப்படும். கைக்குழந்தையை முன்னர் வளர்த்த அனுபவம் உண்டா என்று கேட்கும் விளம்பரத்தைக் காண்பது அரிது. வேலை நேரமும் விடுமுறை நாளும் எழுதப்பட்ட விளம்பரம் அதனிலும் அரிது.

சட்டமும் இந்தப் பெண்ணைக் காண்பதில்லை. குற்றேவலர்களைப் பதிவு செய்வதற்கென ஆங்கிலேயர் 1871 ஆம் ஆண்டு ஒரு கட்டளைச் சட்டத்தை இயற்றினர். எசமானின் பாதுகாப்புக்காக எழுந்த சட்டம் அது. பின்னர் தொழிலாளருக்கென எழுந்த சட்டங்களோ வீட்டு வாசலில் நின்றுவிட்டன. 1958 ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்ட ஏற்பாடுகளிலிருந்து வீட்டுப் பணி விலக்கப்பட்டது. 2016 ஆம் ஆண்டின் தேசிய குறைந்தபட்ச வேதனச் சட்டமும் வீட்டுப் பணியாளரைத் தன் வரைவிலக்கணத்துக்கு வெளியே நிறுத்தியது. அச்சட்டத்துக்கு 2025 இல் கொண்டுவரப்பட்ட திருத்தம் மாதாந்தக் குறைந்தபட்ச வேதனத்தை 27,000 ரூபாவாகவும், 2026 ஜனவரி முதல் 30,000 ரூபாவாகவும் நிர்ணயித்தது. கடையில் சாமான் கட்டிக் கொடுப்பவருக்கு இந்தத் தொகை சட்டப்படியான உரிமை. அந்தக் கடைக்காரரின் பேரப்பிள்ளையை வீட்டில் வைத்துப் பார்ப்பவருக்கு அது எசமானியின் மனநிலையைப் பொறுத்தது. தமிழ்நாட்டில் 2007 ஆம் ஆண்டிலேயே வீட்டுப் பணியாளருக்கென நலவாரியம் அமைக்கப்பட்டதை இவ்விடத்தில் நினைவூட்டுவது பொருந்தும்.

இதில் ஒரு முரண் உண்டு. இதே பெண் குவைத்துக்கோ சவூதிக்கோ வீட்டுப் பணிப்பெண்ணாகப் போக விரும்பினால், இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிய வேண்டும், பயிற்சி பெற வேண்டும், ஒப்பந்தத்தில் ஒப்பமிட வேண்டும், காப்புறுதியும் உண்டு. 2013 ஆம் ஆண்டில் குடும்பப் பின்னணி அறிக்கை என்ற ஒன்றும் கட்டாயமாக்கப்பட்டது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய் பணிப்பெண்ணாகப் போவதை அது தடுத்தது. பின்னர் 2022 இல் இவ்விதிகள் தளர்த்தப்பட்டன. அவ்வாறு தடுக்கப்பட்ட தாய் தன் ஊரிலேயே அதே வேலைக்குப் போனபோது அவருக்குப் பயிற்சியுமில்லை, ஒப்பந்தமுமில்லை, காப்புறுதியுமில்லை. வெளிநாட்டார் வீட்டுக் குழந்தையைத் தூக்குவதற்குச் சான்றிதழ் கேட்கும் அரசு, எம் வீட்டுக் குழந்தையைத் தூக்குவதற்கு எதையும் கேட்பதில்லை.

பயிற்சி ஏன் வேண்டும் என்று கேட்போருக்கு மூதூரின் ரிசானா நபீக்கை நினைவூட்டுவது கடமையாகிறது. 2005 மே மாதத்தில் சவூதி அரேபியாவுக்கு வீட்டு வேலைக்கெனப் போன அந்த யுவதிக்கு அப்போது வயது பதினேழு. கடவுச்சீட்டில் வயது கூட்டிப் பதியப்பட்டிருந்தது. போய்ச் சில வாரங்களுக்குள், வீட்டு வேலைகளோடு நான்கு மாதக் குழந்தை ஒன்றுக்குப் போத்தலில் பாலூட்டும் பொறுப்பும் அவரது தலையில் சுமத்தப்பட்டது. மே 22 ஆந் திகதி அந்தக் குழந்தை இறந்தது. பால் புரையேறியதென்றார் ரிசானா, கொலையென்றது நீதிமன்றம். பிரேத பரிசோதனை நடத்தப்படவில்லை என்பதையும், ஆரம்ப விசாரணையின்போது சட்டத்தரணி இருக்கவில்லை என்பதையும் மனித உரிமை அமைப்புகள் எடுத்துக்காட்டின. 2007 ஜூன் மாதத்தில் மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2013 ஜனவரி 9 ஆந் திகதி அது நிறைவேற்றப்பட்டது.

அன்று எமது பத்திரிகைகள் யாவும் அந்நாட்டின் நீதி முறைமையைக் கண்டித்து எழுதின. அக்கண்டனம் நியாயமானதே. ஆனால் அந்த மரணத்தில் எமக்கு இன்னொரு பாடமும் இருந்தது. கைக்குழந்தை பராமரிப்பில் பயிற்சியற்ற, வேலைப்பளுவால் களைத்த, பராயமடையாத ஒருவரிடம் நான்கு மாதக் குழந்தையும் பால் போத்தலும் கொடுக்கப்பட்டன. இந்த நிலைமையை உருவாக்க அரபுப் பாலைவனம் தேவையில்லை. சாவகச்சேரியிலும் அதனை உருவாக்கலாம். குழந்தைக்கு ஏதேனும் நேர்ந்துவிட்டால், என்ன நடந்தது என்று ஆராய்வதற்கு முன்னர் யார் மீது பழி விழும் என்பதும் எல்லோரும் அறிந்ததே.

எம் வீடுகளின் பழைய வழக்கமொன்றையும் மறைக்கத் தேவையில்லை. மலையகத்திலிருந்தும் வன்னியின் வறிய கிராமங்களிலிருந்தும் பத்து, பன்னிரண்டு வயதுச் சிறுமிகளைக் கூட்டிவந்து பிள்ளை பராக்காட்ட வைத்த வீடுகள் யாழ்ப்பாணத்தில் ஏராளம். படிப்பிக்கிறோம் என்று சொல்லி அழைத்துவந்து, தம் பிள்ளையின் புத்தகப் பையைச் சுமக்கவைத்ததே பல வீடுகளில் நடந்தது. வேலைக்கமர்த்தும் குறைந்தபட்ச வயது 2021 ஆம் ஆண்டில் 14 இலிருந்து 16 ஆக உயர்த்தப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில் டயகமவைச் சேர்ந்த பதினாறு வயதுச் சிறுமியொருவர், கொழும்பில் வீட்டு வேலை செய்த இடத்தில் ஏற்பட்ட தீக்காயங்களால் உயிரிழந்தமை நாட்டையே உலுக்கியது. சிறுவர்கள் தொடர்பான முறைப்பாடுகளுக்குத் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது. அயல்வீட்டில் ஒரு சிறுமி பிள்ளை தூக்கிக்கொண்டு நிற்பதைக் காண்போர் அதனைப் பாவிக்கத் தயங்குவதே வழக்கம்.

சாதியும் இதற்குள் இருக்கிறது. ஆள் தேடும்போது அனுபவத்தை விசாரிப்பதற்கு முன்னர் ‘எந்தப் பகுதி ஆட்கள்’ என்று விசாரிக்கும் பழக்கம் தென்மராட்சியில் இன்னும் போகவில்லை. அடுப்படிக்குள் வரலாமா, எந்தக் கோப்பையில் தேநீர் என்ற கேள்விகள் வெளிப்படையாகக் கேட்கப்படாவிட்டாலும் நடைமுறையில் விடை கிடைத்துவிடுகிறது. தன் குழந்தையின் வாயில் உணவூட்டும் கையைத் தன் குசினிக்கு வெளியே நிறுத்தும் வீட்டில், அந்தக் கை எத்தனை நாளைக்குக் கனிவோடு இருக்கும்?

இனி, செய்யக்கூடியவை சில. முதலாவது பயிற்சி. இதற்குப் புதிய நிறுவனம் எதுவும் வேண்டியதில்லை. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் குடும்பநல உத்தியோகத்தர்கள் பிரசவித்த தாயின் வீட்டுக்கே வந்து போகிறார்கள். இரண்டாம், நான்காம், ஆறாம் மாதத் தடுப்பூசிக்குப் பிள்ளை கிளினிக்குக்கு எடுத்துச் செல்லப்படுகிறது. அங்கு தாயுடன் பிள்ளை பார்ப்பவரும் போய், அறிவுரைகளை நேரில் கேட்க வேண்டும். கறந்து வைத்த தாய்ப்பாலைச் சூப்பிப் போத்தலில் கொடாமல் கோப்பையாலும் கரண்டியாலும் புகட்டுவது எவ்வாறு. பால் குடித்த பின் தோளில் சாய்த்து ஏவறை எடுக்கச் செய்வது எவ்வாறு. மல்லாக்கப் படுக்க வைப்பது ஏன். அழுகை நிற்காவிட்டாலும் பிள்ளையை ஒருபோதும் உலுக்கக் கூடாது என்பது ஏன். புரையேறினால் உடனே செய்ய வேண்டியது என்ன. இவை அரை நாளில் கற்பிக்கக் கூடியவை. நான்கு பிள்ளை வளர்த்தவருக்கு இதெல்லாம் சொல்லிக் கொடுப்பதா என்று சிலர் நினைப்பர். அனுபவம் பெரிது, ஆனால் தேனும் குழைத்த சரக்கும் நாக்கில் தடவும் வழக்கமும் அதே அனுபவத்தோடுதான் வருகிறது. ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் தேன் கொடுக்கலாகாது என்பது மருத்துவம் உறுதியாகக் கூறுவது. பிள்ளை தவழத் தொடங்கிய பின்னர், யாழ்ப்பாண வளவுகளின் தாழ்ந்த கட்டுக் கிணறுகள் வேறொரு கவலை.

இரண்டாவது, சம்பளமும் ஒப்பந்தமும். வீட்டுப் பணியாளருக்கான சமவாயத்தைச் சர்வதேச தொழில் அமைப்பு 2011 ஜூனில் ஏற்றது. அதன் பின்னரும் இலங்கை அதனை உறுதிப்படுத்தாமல் ஆண்டுகளைக் கடத்தியது. ஆனால் அதிலுள்ள இரண்டு அம்சங்களைப் பின்பற்ற எந்தக் குடும்பமும் பாராளுமன்றத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. வேலையின் நிபந்தனைகள் இயன்றவரை எழுத்தில் இருக்க வேண்டும் என்பது ஒன்று. வாரத்தில் தொடர்ச்சியாக 24 மணித்தியால ஓய்வு வேண்டும் என்பது மற்றையது. ஒரு பக்கக் கடதாசி போதும். வேலை தொடங்கும் நேரம், முடியும் நேரம், மாதச் சம்பளம், சம்பள நாள், ஓய்வு நாள், சுகவீனமுற்றால் என்ன செய்வது, விலகுவதானால் எவ்வளவு முன்னறிவித்தல் என்பன எழுதப்பட்டு இருவரும் ஒப்பமிட்டு இரு பிரதிகள் வைத்துக்கொள்ளலாம். சமைப்பதும் உடுப்புத் தோய்ப்பதும் முற்றம் கூட்டுவதும் அந்தப் பட்டியலில் சேருமானால், பிள்ளையைப் பார்க்கும் கண் அந்நேரம் எங்கிருக்கும் என்பதைப் பெற்றோர் சிந்திக்க வேண்டும். தேசிய குறைந்தபட்ச வேதனத்தைச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்பதற்காக அதற்குக் குறைத்துப் பேரம் பேசுவது, வெளிநாட்டுப் பணம் வரும் வீடுகளுக்கு அழகன்று.

விசாரிப்பதும் தவறன்று. அடையாள அட்டையைப் பார்ப்பது, கிராம உத்தியோகத்தரின் நற்சான்றிதழைக் கேட்பது, முன்னர் வேலை செய்த வீட்டாரோடு பேசுவது யாவும் பெற்றோரின் உரிமை. அதே நியாயத்தில், வரும் பெண்ணும் அந்த வீட்டைப் பற்றி விசாரிக்க உரிமையுடையவர். அண்மைக் காலமாக வீடுகளுக்குள் கமெரா பூட்டும் வழக்கம் பரவி வருகிறது. ரொறன்ரோவிலிருந்து அம்மம்மாவும் அதைப் பார்க்கிறார். பூட்டுவதானால் பணியாளரிடம் சொல்லிவிட்டுப் பூட்டுவதே முறை. அவர் உடை மாற்றும், ஓய்வெடுக்கும் இடங்களில் பூட்டுவது குற்றத்துக்கு ஒப்பானது.

வீடுதோறும் ஓர் ஆளை அமர்த்துவதொன்றே வழியா என்பதும் ஆராயப்பட வேண்டியது. மலையகத் தோட்டங்களில் கொழுந்து கொய்யப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுச் செல்லும் பிள்ளை மடுவங்கள் பல தலைமுறைகளாக இருந்து வருகின்றன. அவற்றின் பழைய நிலைமை மெச்சத்தக்கதாக இருக்கவில்லை எனினும், காலப்போக்கில் அவை பயிற்சி பெற்ற உத்தியோகத்தர்களைக் கொண்ட சிறுவர் அபிவிருத்தி நிலையங்களாக மாற்றப்பட்டன. தோட்டத் தொழிலாளியின் பிள்ளைக்கு எழுந்த இந்த ஏற்பாடு, படித்த உத்தியோகத்தரின் பிள்ளைக்கு எழாமற் போனதேன்? அம்மம்மா இருக்கிறார் என்ற நம்பிக்கையே காரணம். 1939 ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்தில், குறித்த தொகைப் பெண்களை வேலைக்கமர்த்தும் தொழில்கொள்வோர் பிள்ளைப் பராமரிப்பு நிலையம் வைப்பதற்கான ஏற்பாடு பின்னர் சேர்க்கப்பட்டது. ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பாலூட்ட நாளுக்கு இரண்டு இடைவேளைகளும் அச்சட்டத்தில் உண்டு. நிலையம் இருப்பின் ஒவ்வொன்றும் அரை மணித்தியாலம். இல்லாவிடின் ஒரு மணித்தியாலம். சாவகச்சேரி ஒரு சிறிய நகரம். வைத்தியசாலையும் சந்தையும் வங்கிகளும் பாடசாலைகளும் சைக்கிள் தூரத்தில் இருக்கின்றன. நகரின் நடுவில் ஒரு நல்ல பராமரிப்பு நிலையம் இருக்குமானால், தாய் வந்து பாலூட்டிவிட்டுத் திரும்ப அந்த இடைவேளை போதும். இடத்தை நகரசபை கொடுக்கலாம். மேற்பார்வையைச் சுகாதாரப் பணிமனை ஏற்கலாம். பழைய மாணவர் சங்கங்களுக்கு மதில் கட்டவும் அலங்கார வளைவு கட்டவும் அனுப்பும் பணத்தில் ஒரு பங்கைப் புலம்பெயர் உறவுகள் இதற்கு அனுப்பலாம். அங்கு வேலை செய்யும் பெண்கள் நிறுவனமொன்றின் ஊழியராவர். வீட்டுப் பணியாளர் என்ற விலக்கு அவர்களைப் பாதிக்காது. சேமலாப நிதியும் குறைந்தபட்ச வேதனமும் தாமாக வந்து சேரும்.

அந்த நிலையம் எழும் வரை ஆள் தேடும் குடும்பங்கள் ஒன்றைக் கவனத்திற் கொள்வது நன்று. வேலைக்குத் திரும்புவதற்கு முதல் நாள் மாலை ஆள் வந்து சேர்வதே இங்கு வழக்கமாக இருக்கிறது. விடுமுறை முடிவதற்கு இரண்டு வாரங்கள் முன்னதாகவே அவரை முழுச் சம்பளத்துடன் அமர்த்தி, தாய் வீட்டிலிருக்கும்போதே பிள்ளையை அவர் கையில் பழக விட வேண்டும். முதல் வாரம் தாய் பார்த்திருக்க அவர் செய்வார். இரண்டாம் வாரம் தாய் ஒரு மணித்தியாலம், இரண்டு மணித்தியாலம் என வெளியே போய் வருவார். அந்த இரண்டு வாரச் சம்பளத்தை வீண் செலவென்று கணக்குப் பார்க்கும் வீட்டார், முப்பத்தோராம் நாளுக்கு எடுத்த வீடியோவின் செலவை ஒருதரம் எடுத்துப் பார்க்கலாம்.